மடியில் இருக்கும் குழந்தை

வீங்கிய கன்னங்களுக்கு மேலே கையால் வரைந்த அந்தக் குடும்பப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. பல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பல் வலிக்கிறவனுக்கு அடுத்தவன் குடும்பம் எதற்கு?

பார்த்துக்கொண்டு நின்றது இரண்டே பேர். ஒருவர் இன்ஸ்பெக்டர். போலீஸுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடைகளைப் போய்ப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்தார்களா என்று சொல்வது வேலை. வேலை போனது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்னொருத்தி அவருடைய உதவியாளர், வால். எப்போதும் அவர் பின்னாலேயே போவதால் அந்தப் பெயர் என்று அவள் சொல்வாள். மற்றவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

படத்தில் ஐந்து பேர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர் கடல் தாண்டி வந்த முதல் கப்பலில் இந்தக் கரையில் இறங்கியவர், முதல் கல்வீட்டைக் கட்டியவர். ஊருக்கு அவர் கப்பல் தாத்தா. பக்கத்தில் மனைவி. நாற்காலிக்குப் பின்னால் பெரிய பெண், ஓரமாகச் சின்னப் பெண். மனைவியின் மடியில் போர்வை சுற்றிய ஒரு கைக்குழந்தை. அதன் முகம் அம்மாவின் மார்புப் பக்கம் திரும்பியிருந்தது. போர்வைக்கு மேல் ஒரு நீலப் பட்டை. அந்தக் கப்பல்காரர்கள் ஆண் குழந்தைக்குத்தான் நீலப் பட்டை கட்டுவார்கள்.

பிரச்சினையே அந்தப் பட்டைதான்.

"முறைச்சுப் பாத்தா அழிஞ்சிடுமா?" உள்ளேயிருந்து வந்த பல் டாக்டர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார். நாற்பதைத் தாண்டியவர். இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக், மேலே குடித்தனம்.

"திரும்பவும் ஒரு தரம் சொல்லுங்க டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். "வீடு யாருக்கு?"

"கப்பல் தாத்தா ரத்தத்துக்கு. விக்க முடியாது, பிரிக்க முடியாது. மகன் வழி இருந்தா அவங்களுக்கு. இல்லேன்னா மூத்த மகள் வழிக்கு. ரெண்டும் இல்லேன்னா ஊருக்கு. நாங்க மூத்த மகள் வழி. சின்னவ கல்யாணமே பண்ணிக்காம போய்ச் சேர்ந்துட்டா. மடியில இருந்தது சின்னதிலேயே செத்துப்போச்சுன்னுதான் எங்கம்மா சொல்வாங்க. இப்போ ஹோட்டல்காரர் வந்து, அது சாகல, திரும்பிப் போன கப்பல்ல சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அந்தப் பையனோட வம்சம்தான் நான்ங்கறார். என்னைத் தங்கச்சின்னு வேற கூப்பிடறார்."

"தங்கச்சிக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ்" என்றாள் வால். "பாசக்கார அண்ணன்."

"வீட்டு டிரஸ்ட்டோட கூட்டம் நாளைக்கு. டிரஸ்ட் வக்கீல் அவர் பக்கம் சாஞ்சுட்டார். பழைய பதிவெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது ரெண்டே சாட்சி. படத்துல அஞ்சு பேர், வாசல்ல அஞ்சு கல்."

வாசலில் அந்தக் கற்களை வால் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். இடுப்பளவு உயரம், வரிசையாக ஐந்து. அந்தக் காலத்தில் குடியேற்றம் நடத்திய கம்பெனி, வந்து இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு நிலம் கொடுத்தது. சர்வேயர் வந்து தலையை எண்ணி, தலைக்கு ஒரு கல் நடுவார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித்தரும் பாடம் இது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருக்கும் கணக்கைக் கண்டால் இன்ஸ்பெக்டருக்கு மூக்கு அரிக்கும். அப்போதும் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நீலப் பட்டை எப்பவும் இருந்ததா?"

டாக்டர் தயங்கினார். "குழந்தை எப்பவும் இருந்தது. பட்டை… ஒரே அழுக்கா இருந்தது படம். ரெண்டு மாசம் முன்னாடி ஹோட்டல்காரர்தான், தங்கச்சி வீட்டுப் படம் இப்படியா இருக்கணும்னு, தன் செலவுல சுத்தம் பண்ணிக் கொடுத்தார். சுத்தம் பண்ணதும் பட்டை தெரிஞ்சது."

வால் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "சார், பக்கத்து வீட்டுக்காரன் நம்ம பூட்டுக்கு எண்ணெய் போட வந்தா சந்தேகப்படணுமா, கூடாதா?"

"யார்கிட்ட கொடுத்தார்?"

"ஃபிரேம் கடைக்காரர்கிட்ட." டாக்டர் மாடிப்படியைப் பார்த்தார். "எங்கம்மா மேலே படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களைத் தூக்கிட்டு இந்த வயசுல நான் எந்த வாடகை வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் போவேன்? எந்த நோயாளி அங்கே தேடிக்கிட்டு வருவான்?"

ஆறுதல் சொல்லும் பழக்கம் இன்ஸ்பெக்டருக்குக் கிடையாது. படத்துக்குக் கிட்டே போய் கப்பல் தாத்தாவின் இடது கையைப் பார்த்தார்.

"வால், துறைமுகத்துல இவர் சிலை இருக்கே, பாத்திருக்கியா?"

"தினமும். காக்காவுக்கு அதுதான் ஓய்வறை."

"இடது கையில எத்தனை விரல்?"

அவள் யோசித்தாள். சிலைக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. வரும் வழியில் கப்பல் கயிறு அறுத்துக்கொண்டு போய்விட்டது என்பது ஊர்க் கதை. படத்தில் முழங்கால் மேல் இருந்த கை முழுசாக இருந்தது. வழுவழுவென்று, ஒரு நாளும் கயிறு இழுக்காத கை.

"ஓவியர் மரியாதைக்குச் சேத்திருப்பார் சார். கல்யாண ஆல்பத்துல என் மாமாவுக்கே முடி முளைச்சிருக்கு."

"சிலை செஞ்சவன் அவரை நேர்ல பாத்து செஞ்சிருக்கான்."

"அப்போ ஓவியன் பாக்கலையா?"

"அதைத்தான் கேக்கப் போறோம்" என்றார். போனில் படத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வால் எடுத்தாள்.

ஃபிரேம் கடையில் பசையும் மரத்தூளும் சேர்ந்து நாறின. சுவர் முழுக்க யார் யாருடைய பட்டமளிப்போ, யார் யாருடைய குழந்தையோ. கடைக்காரர் ஒரு கண்ணாடியை அறுத்துக்கொண்டே பேசினார். நிமிரவில்லை. கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"பட்டையை நான் வரைஞ்சேன்னு சொல்றீங்களா?"

"யாரும் சொல்லல" என்றாள் வால். "நினைச்சோம், அவ்வளவுதான்."

அவர் கோபப்படவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார். "ரெண்டு மாசத்துப் பெயின்ட்னா இதைத் தொட்டுத் துடைச்சா பஞ்சோட வந்துடும். பழசு வராது. போய்த் துடைச்சுப் பாருங்க. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் தொடவில்லை. "வேண்டாம். வரைஞ்சவன் துடைக்கச் சொல்ல மாட்டான்."

"அது சாமர்த்தியமா இருந்தா?" என்றாள் வால்.

"சாமர்த்தியசாலியா இருந்தா பட்டை வரைய மாட்டார். குழந்தைக்கு மூஞ்சியையே வரைஞ்சிருப்பார். ஹோட்டல்காரர் ஜாடையில."

ஃபிரேம் கடைக்காரருக்கு அது பிடித்துப்போனது. கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்றேன். அழுக்கு எடுக்கும்போது பாத்தேன். உடம்பு, துணி, திரைச்சீலை எல்லாம் வரைஞ்சு, நல்லாக் காய விட்டு, அப்புறமாத்தான் மூஞ்சியை வெச்சிருக்கான். தாடிக்கு அடியில காலர் லேஸ் முழுசா இருக்கு. தாடி இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவன் எதுக்கு லேஸை அவ்வளவு பாடுபட்டு வரையறான்?"

"அப்படிப் பண்றது வழக்கமா?"

"ஊர் ஊராப் போற ஓவியனுங்க பண்ணுவானுங்க. கப்பல்ல வர்ற மாசக்கணக்கான நேரத்துல உடம்பா வரைஞ்சு சுருட்டி வெச்சுக்குவான். கரையில இறங்கி மூஞ்சி மட்டும். ரெடிமேட் சட்டை மாதிரி. ஹோட்டல் ஹால்ல இருக்கிற மூணும் அதே கை வேலைதான். நான்தான் ஃபிரேம் போட்டேன். பழைய வீடுகள்ல இருந்து வாங்கினார்."

"அதுல குழந்தை உண்டா?" என்றார் இன்ஸ்பெக்டர். மூக்கைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"இருக்கும். யார் கவனிச்சா? பழைய படம் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்."

தெருவில் இறங்கியதும் இன்ஸ்பெக்டர் டிரஸ்ட் வக்கீலுக்குப் போன் செய்து, உடனே ஹோட்டலுக்கு வரச் சொன்னார். வால் கூடவே நடந்தாள். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் தங்களைப் பார்ப்பதுபோல் அவளுக்கு இருந்தது. இந்த ஊரில் வாசலில் கல் நட்ட வீடுகளைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் திரை ஆடியது. காற்றாகவும் இருக்கலாம்.

ஹோட்டல் ஹாலில் மத்தியான நேரத்தில் ஆளில்லை. மூன்று படங்களும் ஒரே சுவரில், நடுவில் பெரிய இடைவெளி விட்டு மாட்டியிருந்தன. வால் முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. பிறகு கையிலிருந்த போன். மூன்றையும் அதிலேயே எடுத்துக்கொண்டாள்.

நாற்காலியில் இருந்தவர்களின் முகங்கள் வேறு. ஒருவருக்குத் தாடி, ஒருவருக்குத் தாடியும் இல்லை மீசையும் இல்லை, ஒருவருக்கு மீசை மட்டும். ஆனால் அதே நாற்காலி, அதே திரைச்சீலை, அதே வழுவழுத்த கை. மடியில் அதே போர்வை, அதே மடிப்பு, அதே நீலப் பட்டை, அம்மாவின் பக்கம் திரும்பிய அதே தலை.

"சார்" என்றாள் மெதுவாக, "இந்தக் குழந்தை ரொம்ப உழைச்சிருக்கு."

"முகம் வேண்டாத ஒரே ஆள் அதுதான். கேன்வாஸோட இலவசம்."

ஹோட்டல்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே வக்கீல். வக்கீல் வெள்ளை முடிக்காரர். அவரும் முதல் கப்பல் குடும்பம்தான். மூன்றாவது படத்தில் மீசையோடு உட்கார்ந்திருப்பவர் அவருடைய முப்பாட்டன். வீட்டுக் கூரை ஒழுகியபோது வக்கீல் அந்தப் படத்தை ஹோட்டல்காரருக்கு விற்றுவிட்டார்.

"என்ன இன்ஸ்பெக்டர், தங்கச்சி எப்போ சாவி தர்றாங்க?" என்றார் ஹோட்டல்காரர்.

இன்ஸ்பெக்டர் வாலின் போனை வாங்கி, கப்பல் தாத்தா படத்தை முதல் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். மடியை மட்டும் விரலால் காட்டினார். அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அடுத்ததற்கு. வக்கீல் கூடவே நகர்ந்தார். ஃபிரேம் கடைக்காரர் சொன்னதை இன்ஸ்பெக்டர் இரண்டு வரியில் சொன்னார்.

"நாலு குடும்பத்துலயும் இதே குழந்தை" என்றாள் வால். "உங்க முன்னோர் எந்த மடியில இருந்து இறங்கினார்னு சொன்னீங்கன்னா சௌகரியமா இருக்கும்."

ஹோட்டல்காரரின் முகம் கறுத்தது. "கல்லு? வாசல்ல அஞ்சு கல் இருக்கே?"

"தலைக்கு ஒரு பங்கு நிலம்" என்றார் இன்ஸ்பெக்டர். "தலை அதிகமானா நிலம் அதிகம். சர்வேயர் வர்றப்போ மீதிப் பேர் அடுத்த கப்பல்ல வர்றாங்க, இதோ படம்னு காட்டினா போதும். அவர் படத்தை எண்ணிட்டு கல்லை நட்டிருக்கார். படத்துக்குக் கல் சாட்சி, கல்லுக்குப் படம் சாட்சி. ரெண்டுத்துக்கும் நடுவுல குழந்தைன்னு ஒண்ணு பிறக்கவே இல்ல."

வக்கீல் கனைத்துக்கொண்டார். மகன் வழி நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னார். நாளைக் கூட்டத்துக்கு அவசியம் இல்லை என்றார். பேனாவை எடுத்து அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஹோட்டல்காரர் படத்தின் முன்னாலிருந்து நகரவில்லை. தோற்றவன் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறியோடு, அங்குலம் அங்குலமாக. பிறகு சிரித்தார். வாலுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"அந்த போனைக் கொஞ்சம் காட்டு பாப்பா. மடியை இல்ல, பின்னால நிக்கிறாளே, பெரிய பொண்ணு. அவ மூஞ்சியைக் காட்டு."

வால் பெரிதாக்கினாள்.

நீண்ட மூக்கு, லேசாகச் சரிந்த ஒரு புருவம். முதல் படத்திலும் அதே மூக்கு. இரண்டாவதிலும் அதே புருவம். மூன்றாவதிலும் அவளே, மீசைக்கார முப்பாட்டனின் நாற்காலிக்குப் பின்னால். மனைவியின் முகமும் சின்னப் பெண்ணின் முகமும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு. பெரியவள் எல்லா வீட்டிலும் ஒருத்திதான். ஓவியனின் மகளோ, மனைவியோ, யாரோ. ஆளில்லாத உடம்புக்கு அவன் வைத்து அனுப்பிய முகம்.

"எனக்கு முப்பாட்டன் இல்லேன்னா தங்கச்சிக்கு முப்பாட்டியும் இல்ல" என்றார் ஹோட்டல்காரர். "மூத்த மகளே கிடையாதே. ரத்தம் இல்லேன்னா வீடு ஊருக்கு. எழுதுங்க வக்கீல் சார், அதையும் எழுதுங்க."

வால் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. ஹாலுக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டிருக்கிறார். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே மடியை மட்டும் காட்டியிருக்கிறார். இந்த மனுஷனோடு இத்தனை நாளாகச் சுற்றுகிறேன், இவரை எனக்குத் தெரியுமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

வக்கீல் எழுதவில்லை. தன் முப்பாட்டன் படத்தின் முன்னால் போய் நின்று, பெரிய பெண்ணை வெகு நேரம் பார்த்தார்.

"எங்க வீட்டு வாசல்லயும் அஞ்சு கல்தான்" என்றார்.

"அது உங்க பிரச்சினை" என்றார் ஹோட்டல்காரர்.

"இந்த ஹோட்டலுக்கு நிலம் யார்கிட்ட வாங்கினீங்க?"

ஹோட்டல்காரர் இரண்டாவது படத்தைக் காட்டப் போனார். கை பாதி வழியில் நின்றது.

"அவங்களுக்கும் அஞ்சு கல்" என்றார் வக்கீல். குரல் உயரவில்லை. "அஞ்சாவது கல் குழந்தையோடது. நாலாவது கல் இவளோடது. கம்பெனி நிலத்தை ஏமாத்தி எடுத்ததுன்னு ஆச்சுன்னா ஊர் ஒரு வீட்டோட நிறுத்திக்குமா? உங்க சமையல்கட்டும் இந்த ஹாலும் எந்தக் கல்லோட பங்குக்குள்ள வருதுன்னு தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும். பத்திரம் எழுதினது நான்."

ஹோட்டல்காரரின் கை கீழே இறங்கியது.

"எந்தப் பெரிய பொண்ணைச் சொன்னீங்க?" என்றார் வக்கீல்.

ஹோட்டல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலையே."

வக்கீல் வாலின் பக்கம் திரும்பினார். "போன்ல இருக்கிற படம் இனிமே தேவைப்படாதும்மா."

அவள் எதையும் அழிக்காமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவளுக்குப் பொறுக்கவில்லை. "முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"டாக்டருக்காக மறைச்சீங்களா?"

"வக்கீல் எழுதி முடிக்கட்டும்னு இருந்தேன். பாதிப் பொய்யை உடைக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டாங்க. மீதிப் பாதியில யார் கை வைப்பாங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு. வெச்ச ஒருத்தரும் கையை எடுத்துட்டார்."

"டாக்டர்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

"அவங்க வீடு. வேற யாராவது சொல்லித் தெரியட்டும்னு விட முடியாது."

கிளினிக்கில் கடைசி நோயாளி போய்விட்டார். டாக்டர் வக்கீலின் தாளைப் படித்தார், மறுபடி படித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நிம்மதியாக ஒரு மூச்சு விடும்வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு மூத்த பெண்ணைப் பற்றிச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வால் போனில் நான்கு முகங்களையும் காட்டினாள்.

டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, படத்தில் அந்த முகத்தைக் கிட்டே பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு இவ பேரைத்தான் வெச்சாங்க" என்றார். "அப்போ நாங்க யாரு?"

"யாரோ ஒருத்தியோட வாரிசு" என்றார் இன்ஸ்பெக்டர். "கப்பல் தாத்தா போனதுக்கப்புறம், இந்தப் படத்துக்குக் கீழே நின்னு, இது நான்தான்னு சொன்னவ. வேலைக்கு வந்தவளா இருக்கலாம், அவரைக் கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டவளா இருக்கலாம். தெரியாது. துணிச்சல்காரி."

"மூஞ்சி ஒத்துப்போகலையேன்னு ஊர்ல ஒருத்தர்கூட கேக்கலையா?" என்றாள் வால்.

"கேக்கறவங்க அவங்கவங்க வீட்டுப் படத்தையும் திரும்பிப் பாக்கணுமே."

டாக்டர் முக்காலியிலிருந்து இறங்கினார். வக்கீலின் தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், கோட்டுப் பையில் வைத்தார்.

மேலேயிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் தெளிவாகக் கேட்டது. "வந்துட்டாங்களா? என்ன சொன்னாங்க? வீடு நம்மளுதுதானே?"

இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நம்மளுதுதாம்மா" என்றார் பல் டாக்டர்.

குரலில் ஒரு பிசிறும் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி, ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலிக்காது என்று எல்லாரிடமும் சொல்கிற அதே குரல்.